லாபக் கணக்கில் நொய்யலின் பங்கு

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை மரக்கன்றுகள், அரசுப் பள்ளிக்குக் கட்டித் தந்த கழிப்பறை, பெயர்ப் பலகையோடு நிற்கும் குடிநீர்த் தொட்டி. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள், வழக்கமான தொழில் நடவடிக்கையின் பகுதியாகச் செய்யப்படுபவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆலை தன் கழிவைத் தானே சுத்திகரிப்பது கொடையன்று; உற்பத்திச் செலவு. லாபத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்று கேட்கும் நாம், அந்த லாபம் எந்தெந்தச் செலவுகளைக் கழித்துக் கணக்கிடப்பட்டது என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ அலசும் நீரோடு வெளியேறிவிடும். கழிவுநீரின் நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும் செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவைச் செய்யாமலே பல ஆண்டுகள் சாயக்கழிவு நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்கென்று 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அந்த நீரைத் தேக்கியது. சுற்றியிருந்த கிணறுகள் உவர்த்தன, நிலம் கெட்டது. அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. பாசன அணைக்கு இதைவிட அவலமான முடிவு இருக்க முடியாது.

பனியன் தொழில் ஈட்டிய வருவாயை நான் சிறுமைப்படுத்தவில்லை. வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நகரம் சோறு போட்டது. ஆனால், அதன் செலவில் ஒரு பகுதியை ஆயக்கட்டு விவசாயி தன் நிலத்தால் செலுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் விதித்து 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சாயமிடும் வேலை வெளியூர்களுக்குப் போனது. தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். தொழில் அழிந்தே போகும் என்றார்கள்.

அழியவில்லை. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத முறை நடைமுறைக்கு வந்தது. ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டிகளில் நீரைப் பிரித்து, எஞ்சும் உப்புநீரின் ஒரு பகுதியை மீண்டும் சாயமிடப் பயன்படுத்துகிறார்கள். மீதியைக் கொதிகலன் நீராவியால் ஆவியாக்குகிறார்கள். நீரின் பெரும்பகுதி பட்டறைக்கே திரும்பிவருகிறது. திருட்டுத்தனமாகக் கழிவை விடுவோர் இன்றும் பிடிபடுகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால், திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். சுற்றுச்சூழலைக் காத்தால் தொழில் பிழைக்காது என்போர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனினும், நியாயம் முழுமையாகிவிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. சவ்வுக்கும் மின்சாரத்துக்கும் விறகுக்கும் ஆகும் செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. பட்டறைக்காரர் கூலியை உயர்த்தினால் ஏற்றுமதியாளர் முகம் சுளிக்கிறார். அவரோ வெளிநாட்டு வணிக நிறுவனம் சொல்லும் விலைக்குக் கட்டுப்பட்டவர். கழிவுநீர்க் கட்டுப்பாடு தளர்வாக உள்ள ஊரில் தைத்த சட்டையோடுதான் இவருடைய சட்டை விலையில் மோத வேண்டும். பசுமை உற்பத்திக்குச் சான்றிதழ் கேட்கும் பன்னாட்டு நிறுவனங்கள், அதற்கான கூடுதல் விலையையும் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்பதே என் வாதம். விவசாயி சுமந்ததைச் சிறு பட்டறைக்காரர் தலைக்கு மாற்றுவதோடு இது முடிந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் மிச்சமிருக்கிறது. ஆவியாக்கிய பின் எஞ்சும் கலப்பு உப்புக்கும் கசடுக்கும் எளிதில் மறுபயன் இல்லை. மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையக் கிடங்குகளில் அடுக்கப்படுகின்றன. மழைநீர் அவற்றில் புகுந்தால், ஆற்றிலிருந்து பிரித்து வைத்த உப்பு மீண்டும் மண்ணுக்கே போய்ச் சேரும். அவற்றைப் பாதுகாப்பாக அகற்றும் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதை அரசும் தொழில் துறையும் கொள்முதல் நிறுவனங்களும் இப்போதே பேசி முடிவு செய்தாக வேண்டும்.