உங்களுக்குத் தெரியுமா? சுமை ஏற்றிய சைக்கிளுக்குத் தாழ்ந்த கியர்

கூடாரம், போர்வை, சமையல் பாத்திரம் என்று இருபது கிலோ பாரத்தைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் தூரப் பிரயாணம் செய்கிறவருக்கு, வேகத்தைக் காட்டிலும் அத்தியாவசியமானது, முன்னே 24 பல்லும் பின்னே 32 பல்லும் கொண்ட தாழ்ந்த கியரே. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.6 மீட்டர்தான் நகரும், நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தாலும் வேகமாக நடப்பவரின் வேகந்தான், ஆயினும் முழங்கால் பிழைக்கும். 48-க்கு 16 என்ற கியரிலோ அதே ஒரு சுற்றில் ஆறரை மீட்டர் தள்ளவேண்டியிருப்பதால், செங்குத்தான ஏற்றத்தில் கால் ஸ்தம்பித்துவிடும்.

பிரான்சின் செந்த் எத்தியேன் நகரத்துப் பால் த விவி (1853–1930), 'வெலோசியோ' என்ற புனைபெயரில் பல கியர்களின் அவசியத்தை இடைவிடாது பிரசாரம் செய்த மகானுபாவர். அப்படியிருந்தும், டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் பிரதான வீரர்களுக்குக் கியர் மாற்றும் சாதனம் அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான்.