கோயில் திருவிழா வீசிடி டேப்லெட்டில் ஓடுமா?

பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பை நிறைய வீசிடி தட்டுகள் இன்னும் இருக்கின்றன. மாரியம்மன் கோயில் தீமிதி, அக்காவின் கல்யாணம், தாத்தாவின் கருமக்கிரியை என்று எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் தாமானுக்குக் குடிமாறினார்கள். இடிந்த லயமும் கோயில் வாசலும் சில குடும்பங்களுக்கு இன்று அந்தத் தட்டில் மட்டுமே மிச்சம். தட்டைப் போட்டுப் பார்க்கும் பெட்டிதான் கெட்டுப்போய்விட்டது. வீட்டில் இருப்பது ஒரு டேப்லெட்.

டிவிடி டிரைவ் உள்ள மடிக்கணினியில் தட்டைப் போட்டுத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்றொரு கோப்புறை தெரியும். உள்ளே ‘ஏவிசெக்01.டாட்’ என்ற கோப்பு இருக்கும். படம் அதுதான். அதை மெமரி கார்டில் நகலெடுத்து டேப்லெட்டில் தட்டினால் பெரும்பாலும் திறக்காது. கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். கோப்பில் குறையில்லை. வீசிடி 1993இல் வந்த முறை. எம்பெக்-1 வடிவில் பதிவானது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டோடு வரும் வீடியோ செயலிகள் பொதுவாக இந்தப் பழைய வடிவத்தைப் படிப்பதில்லை.

நான் பரிந்துரைப்பது விஎல்சி என்ற வீடியோ செயலி. 1996இல் பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. இன்று வீடியோலேன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. காசு இல்லை, விளம்பரம் இல்லை. வீசிடி, டிவிடி கோப்புகளைப் படிக்கத் தேவையானதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பழைய பதிவுகளில் குரல் மெலிந்து கேட்கும். விஎல்சியில் ஒலியை வழக்கமான அளவுக்கு மேலும் கூட்டலாம். காது மந்தமான பாட்டிக்கு இது பெரிய உதவி.

பிளே ஸ்டோரில் ‘விஎல்சி’ என்று தேடினால் ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்புச் சின்னத்தோடு வரும். வெளியிட்டவர் பெயர் ‘வீடியோலேப்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். கூகுள் சேவை இல்லாத ஹுவாவெய் டேப்லெட் என்றால் வீடியோலேனின் சொந்த இணையத்தளத்திலிருந்தே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை மட்டும் நிறுவவே வேண்டாம். மலேசியாவில் அப்படிப்பட்ட கோப்புகளால் வங்கிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. படம் காட்டும் செயலிக்குக் கோப்புகளைப் பார்க்க அனுமதி வேண்டும், அது நியாயம். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டால், வங்கி அனுப்பக்கூடிய டேக் என்ற சரிபார்ப்பு எண்ணுக்குத்தான் குறி. உடனே நீக்கிவிடுங்கள்.

இந்த நகலெடுக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் எழுதிய தட்டின் சாயப் பூச்சு நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மங்கிக்கொண்டேபோகும். ஒரு தட்டில் அதிகபட்சம் 80 நிமிடப் படம், சுமார் 800 எம்பி. 32 ஜிபி கார்டில் முப்பதுக்கு மேல் அடங்கும்.

பெரும்பாலான வீசிடிகளில் கோப்பின் பெயர் அதே ‘ஏவிசெக்01’தான். பெயர் மாற்றாமல் ஒரே இடத்தில் போட்டால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டையும் நகலெடுத்த கையோடு தோட்டத்தின் பெயர், நிகழ்ச்சி, ஆண்டு மூன்றையும் கோப்புக்குப் பெயராக இடுங்கள். ஆண்டு நினைவில்லையென்றால், படத்தை ஓடவிட்டு வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.