புற்றுநோய்க்குத் தடுப்பூசியா? வீட்டை விற்கும் முன் யோசியுங்கள்

 

“பெருங்குடல் புற்றுநோய் முற்றிவிட்டது. புதிதாகத் தடுப்பூசி வந்திருக்கிறதாமே, வீட்டை விற்றாவது போடலாமா?” மருத்துவ உதவி தேடி அலையும் குடும்பங்கள் இப்படிக் கேட்கின்றன. விவரம் தெரிந்துகொள்வது நல்லது.

போலியோ சொட்டு மருந்து நோய் வராமல் தடுக்கிறது. இந்தத் தடுப்பூசி அப்படியல்ல. நோய் வந்தவருக்கே போடப்படுகிறது. புற்றணு எப்படியிருக்கும் என்பதை உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு அது அடையாளம் காட்டும். ஆனால் புற்றணுவோ எதிர்ப்பு அணுக்களுக்கு ‘பிரேக்’ போட்டுவிடும். அந்த பிரேக்கை விடுவிப்பவைதான் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்பதே ஆய்வு.

இதுவரை கிடைத்த முடிவுகள் கலவையானவை. இவ்விரண்டையும் சேர்த்து 17 பேருக்குக் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. ஒருவருக்கும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கவில்லை. நம் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இவ்வகைத் தடுப்பூசியை ஆரம்பநிலையில் ஆராய்ந்திருக்கிறது. முயற்சிகள் தொடர்கின்றன, முற்றிய குடல் புற்றுநோய்க்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. முற்றிய நிலையிலுள்ள நூறு பேரில் சுமார் 5 பேருக்குக் கட்டியில் ‘எம்.எஸ்.ஐ.’ என்னும் தன்மை இருக்கும். அவர்களுக்குத் தடுப்பூசி இல்லாமலே இம்யூனோதெரபி நன்கு வேலை செய்யக்கூடும். எனவே பயாப்சி எடுத்த சதையில் இந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

யாராவது தடுப்பூசி போடச் சொன்னால் கேட்க வேண்டியவை:

1. இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆய்வா?
2. ஆய்வென்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) பதிவாகியிருக்கிறதா? எண் என்ன?
3. பணம் ஏன் கேட்கிறீர்கள்? ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.
4. பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது?

தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நடக்கும் கீமோவை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு செய்து, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் அறுவை சிகிச்சையிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம்.

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானதல்ல. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.