கல்வராயன் மலையிலும் கேட்க வேண்டும்: இணையவழிக் கருத்தரங்கு நடத்துவோருக்கும் கலந்துகொள்வோருக்கும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தவுடன் நமது வாட்ஸ்அப் குழுக்களில் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளின் அழைப்புகள் குவியத் தொடங்கும். ஜூம், கூகுள் மீட் வழியாக நடக்கும் இந்தக் கருத்தரங்குகள் நல்ல முயற்சிகள்தான். ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்களா என்று நாம் பார்ப்பதில்லை.

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நகரத்து வீடுகளில் வீடியோ ஓடும். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் பல கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள் தெரியாமல் போனால் ஒரு பிள்ளையின் ஓராண்டே வீணாகிவிடும். எனவே, சிக்னல் மிகக் குறைவாக உள்ளவரை மனத்தில் வைத்தே நிகழ்ச்சியைத் திட்டமிட வேண்டும்.

நடத்துபவர்கள் கவனிக்க

இரவைவிடப் பகல் நல்லது. சிக்னல் தேடி மேட்டுக்கோ சாலைக்கோ நடக்கும் பிள்ளைகளுக்கு அதுவே பாதுகாப்பு. சனிக்கிழமை காலை 11 மணி என்றால் லுஹருக்கு முன் முடித்துவிடலாம். அப்போது சவூதியில் 8.30, துபாயில் 9.30, விடுமுறையில் இருக்கும் தந்தையும் சேர முடியும்.

கட்டணமில்லாத ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். 100 பேர்தான் சேரலாம். ஆகவே உரைக்கு 20 நிமிடம், கேள்விகளுக்கு 15 நிமிடம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை முதல் நாளே தொலைபேசியில் வாங்கி வையுங்கள். மற்றவர்களின் மைக்கை அணைத்து வைக்க ஒருவரை நியமியுங்கள். திரையில் காட்டுவதை வாயாலும் சொல்லுங்கள். தேதிகளை இருமுறை சொல்லுங்கள்.

முடிந்ததும் மூன்று நிமிட ஆடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிக்னல் வரும்போது அது இறங்கிவிடும். ஒரு பக்கக் குறிப்பை அச்சிட்டு மலைப்பள்ளி ஆசிரியர்களிடம் சேர்த்துவிடுங்கள். அங்கு வாழ்பவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்கள். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டுடன், பழங்குடியினருக்கான 1 சதவீதம், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீதம் ஆகியவையும் அதில் இருக்கட்டும். சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்கவும் நினைவூட்டுங்கள்.

கலந்துகொள்பவர்கள் கவனிக்க

செயலியை முதல் நாளே இறக்கி, ஒருமுறை திறந்து பாருங்கள். கைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். உங்கள் வீடியோவை அணைத்து வைத்தால் டேட்டா மிச்சம், குரலும் தெளிவாக வரும். பெண்களுக்கும் தயக்கம் இருக்காது. வீட்டில் ஒரே கைபேசி என்றால் தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்காருங்கள். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். தேதி, இணையதள முகவரி, தேவையான சான்றிதழ் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்தால் விட்டுவிடாமல் மீண்டும் இணையுங்கள். முடியாவிட்டால் கேட்டவர் ஒருவரிடம் போனில் விசாரியுங்கள். பதிவு செய்யும்போது ஓடிபி, வங்கி விவரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எத்தனை பேர் இணைந்தார்கள் என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடக் கூடாது. ஒரு வாரம் கழித்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்றும் கேட்டுப் பார்ப்போம்.