மேசை விளக்குக்கான பிளக் பாயிண்ட்: கவனிக்க வேண்டியவை

புது வீடு கட்டும்போதும் பழைய ஒயரிங்கை மாற்றும்போதும், கதவோரச் சுவிட்சைத் தட்டினால் கட்டிலருகே உள்ள மேசை விளக்கு எரியும்படி பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்கிறோம். அதிகாலையில் எழும் வயதானவர்கள் இருட்டில் தடுமாறாமல் நடக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தப் பாயிண்டில் எதைச் செருகலாம், எதைச் செருகக்கூடாது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் தாங்கும் அளவைப் பார்ப்போம். நம் ஊரில் மின்சாரம் 230 வோல்ட். சிறிய மூன்று பின் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஏறத்தாழ 1380 வாட் வரை தாங்கும். பெரிய பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது. 9 வாட் எல்.இ.டி. பல்புக்குச் சிறியதே தாராளம். அதே பாயிண்டில் 1500 வாட் வாட்டர் ஹீட்டரைச் செருகினால் 6.5 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்காகப் போட்ட மெல்லிய ஒயரும், 6 ஆம்பியர் சுவிட்சும் சூடேறும். நாளடைவில் சுவிட்சுக்குள் கருகும்.

ஆகவே விளக்குப் பாயிண்டுக்கு 6, 16 இரண்டு வகைப் பின்னும் நுழையும் சாக்கெட்டை வாங்க வேண்டாம். 6 ஆம்பியர் பின் மட்டும் நுழையும் சாக்கெட் வைத்தால், பெரிய பிளக்கை யாரும் தெரியாமல் செருக முடியாது.

இங்கிலாந்தில் இதை எளிதாகத் தீர்க்கிறார்கள். அங்கே மற்ற சாதனங்களுக்குச் சதுரப் பின் பிளக். சுவரிலுள்ள சுவிட்சால் இயங்கும் விளக்குகளுக்குப் பழைய 5 ஆம்பியர் உருண்டைப் பின் பிளக். விளக்கைத் தவிர வேறெதுவும் அதில் நுழையாது. நம் மூன்று பின் பிளக்கும் அந்தப் பழைய பிரிட்டிஷ் வகையிலிருந்து வந்ததுதான். ஆனால் நம் வீட்டில் எல்லா இடத்திலும் அதுவே இருப்பதால், பார்த்ததும் விளக்குப் பாயிண்டை அடையாளம் காண முடியாது. அதனால் அதன்மேல் "விளக்குக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டுவது நல்லது.

இதில் ஓர் உயிர் சம்பந்தமான விஷயமும் உண்டு. வீட்டில் நோயாளிக்கு ஆக்சிஜன் கருவியோ நெபுலைசரோ வைத்திருப்போம். கட்டிலருகே வசதியாக இருக்கிறதே என்று அதை விளக்குப் பாயிண்டில் செருகிவிட்டால், கதவருகே ஒருவர் விளக்கை அணைப்பதாக நினைத்துக் கருவியையே நிறுத்திவிடுவார். இன்சுலின் வைத்துள்ள குளிர்பெட்டிக்கும் இது பொருந்தும். இவற்றுக்குத் தனிப் பாயிண்ட் கட்டாயம்.

அடுத்தது எர்த். மூன்று பின்களில் நீளமும் தடிப்புமானது எர்த் பின். மற்ற இரண்டுக்கும் முன்னால் அதுவே சாக்கெட்டைத் தொடும். பித்தளை, இரும்பு உடல் கொண்ட விளக்கை மூன்று பின் பிளக்கில்தான் இணைக்க வேண்டும். இரண்டு பின்னில் போட்டால், உள்ளே ஒயர் உரசியதும் விளக்கின் உடலிலேயே ஷாக் அடிக்கும். சதுரத்துக்குள் சதுரக் குறி அச்சிட்ட இரட்டைக் காப்பு விளக்குக்கு மட்டும் இரண்டு பின் போதும்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை:

1. சுவிட்ச் பேஸ் ஒயரில் இருக்கிறதா? நியூட்ரலில் இருந்தால், அணைத்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்; பல்பு மாற்றும் கைக்கு ஆபத்து.
2. சாக்கெட்டின் துளைகளை மூடும் ஷட்டர் இருக்கிறதா? குழந்தைகள் ஆணி, ஊசி செருகாமல் அது காக்கும்.
3. சாக்கெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1293 என்ற எண்ணும் உள்ளனவா?
4. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ளதா? மின்கசிவு ஏற்பட்டதும் அது இணைப்பைத் துண்டிக்கும்.
5. டிம்மர் பொருத்தப்போகிறாரா? பிளக் பாயிண்டுக்கு அது வேண்டாம். தவறிச் செருகும் மற்ற சாதனங்கள் பழுதாகும்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே இந்த வேலையைச் செய்யுங்கள். இன்றே ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தொட்டால் சுடும் பிளக், கருகிய வாடை, ஆடும் பின் எங்கேனும் இருந்தால், மெயினை அணைத்துவிட்டு அவரை அழையுங்கள்.