டிசம்பரில் மணி அடிக்கும் வியாபாரிகள்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஒரு சின்ன ஊரில் சில வருடம் வேலை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் ரோட்டரி கிளப் உறுப்பினர். ஒரு டிசம்பரில், "மதியம் எங்கள் கூட்டத்துக்கு வாருங்களேன், சாப்பாடு உண்டு" என்று அழைத்துப் போனார்.

போனால், எதிர்பார்த்தது போல் பெரிய விழா ஒன்றுமில்லை. தலைவர் மேசையில் இருந்த மணியை ஒரு தட்டுத் தட்டினார், எல்லோரும் எழுந்து தேசியக் கொடிக்கு உறுதிமொழி சொன்னார்கள், பிறகு சாப்பாடு. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடினார்கள். அடுத்து 'சந்தோஷ டாலர்'. வீட்டில் ஏதாவது நல்லது நடந்திருந்தால் எழுந்து அதைச் சொல்லிவிட்டு ஒரு டாலரைக் கூடையில் போட வேண்டும். ஒருவருக்குப் பேத்தி பிறந்திருந்தது. இன்னொருவர் மகன் பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு வருகிறானாம். அதற்குப் பிறகு அடுத்த வருட நிர்வாகிகள் தேர்தல். ரோட்டரியின் வருடம் ஜூலை 1இல் தொடங்கினாலும், தேர்தலை டிசம்பர் 31க்குள் முடித்துவிட வேண்டும் என்று விதி. கடைசியாக ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். அதில் நாள், நேரம், கடைப் பெயர் போட்டுக் கட்டங்கள். "மணி அடிக்க யார் யார் வருகிறீர்கள்?"

என் நண்பர் தன் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் என் பெயரையும் எழுதிவிட்டார்!

இரண்டு நாள் கழித்து மளிகைக் கடை வாசலில், பல் கிட்டிப்போகும் குளிரில், நாங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் நின்றோம். கையில் சின்ன மணி, முன்னால் ஒரு தாங்கியில் தொங்கும் சிவப்புச் சட்டி. போகிறவர் வருகிறவர் சில்லறை போடுவார்கள், நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். சட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி எங்களிடம் இல்லை, எவ்வளவு சேர்ந்தது என்றும் தெரியாது. காரணம், அது ரோட்டரியின் சட்டியே இல்லை. சால்வேஷன் ஆர்மியுடையது. நம் ஊரில் இரட்சண்ய சேனை என்று சொல்வோமே, நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்துகிறவர்கள், அவர்கள்தான்.

எனக்குப் புரியவில்லை. வக்கீல், பல் மருத்துவர், கார் விற்பனையாளர், வங்கி மேலாளர் என்று ஊரின் வசதியான ஆட்கள் எல்லாம் இருக்கிற கிளப் அது. சொந்தமாகப் பணம் போட்டு, சொந்தப் பேனர் கட்டி, தானே கொடுக்கலாமே? இன்னொரு அமைப்பின் சட்டிக்கு ஏன் மணி அடிக்க வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் உறுத்தியது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தீபாவளிக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு ஒரு சேவைச் சங்கத்தார் வந்தார்கள். 'ஏழை மாணவர்கள்' என்று எங்களில் முப்பது பேரைப் பிரித்து வரிசையில் நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு பொட்டலம் இனிப்பு. போட்டோக்காரர், "சட்டையை நெஞ்சுக்கு நேரா புடிங்க தம்பி, சிரிங்க" என்று இரண்டு தடவை எடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முழங்கால் வரை தொங்கியது. பிரித்துத் தைக்கத் தையல்காரர் கேட்ட கூலி அந்த வாரம் எங்களிடம் இல்லை. அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நல்ல மனசோடதான் குடுத்திருக்காங்க, குறை சொல்லக் கூடாது. ஆனா அளவு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அந்தத் தீபாவளிக்குப் பழைய சட்டைதான்.

அதனால்தான் 'மணி ஏன்?' என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தது சுவாரஸ்யமான வரலாறு.

முதலில் சட்டியின் கதை. 1891 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் மெக்ஃபீ என்ற சால்வேஷன் ஆர்மி கேப்டன், ஊரில் பசியோடு இருக்கும் ஆயிரம் பேருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து போட நினைத்தார். பணம் இல்லை. தான் மாலுமியாக இருந்த காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில், ஏழைகளுக்காகக் காசு போட ஒரு பெரிய பானை வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. நண்டு வேகவைக்கும் சட்டி ஒன்றை எடுத்துப் போய்ப் படகுத்துறையில், ஜனங்கள் நடமாடும் வழியில் தொங்கவிட்டார். விருந்துக்குப் பணம் சேர்ந்தது. சில வருடங்களில் அமெரிக்காவின் மேற்குக் கரை முழுக்க இந்தச் சட்டி பரவியது, பிறகு நாடு முழுக்க.

சேவை கிளப்புகள் இதற்குப் பிந்தியவை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு கூடிப் பேசினாரே, அதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு உறுப்பினரின் அலுவலகத்தில், சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர். ஆரம்பத்தில் அதில் சேவை கிடையாது. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்று சேர்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. தங்களுக்குள்ளேயே பண்ணிக்கொண்டால் போதுமா என்ற கேள்வி உள்ளேயே எழுந்த பிறகுதான் பொதுக் காரியத்தில் இறங்கினார்கள். 1907இல் எடுத்த முதல் காரியம் என்ன தெரியுமா? சிகாகோ நகர மன்றத்துக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை கட்ட வைப்பது. நகரத்துக்கு அது இல்லாமல் கஷ்டமாக இருந்தது, அதனால் செய்தார்கள். அதே வழியில் 1915இல் டெட்ராய்டில் கிவானிஸ், 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் லயன்ஸ் வந்தன. நம் பக்கம் சென்னை ரோட்டரி கிளப் 1929இல் தொடங்கியது.

நான் இருந்த அதே ஓஹியோவில் எலிரியா என்று ஓர் ஊர். 1907இல் அங்கே நடந்த டிராம் விபத்தில் எட்கர் ஆலன் என்ற வியாபாரியின் மகன் இறந்துபோனான். பக்கத்தில் சரியான மருத்துவமனை இருந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்ற ஏக்கத்தில், ஆலன் தொழிலை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் பணம் திரட்டினார். பிறகு ஊனமுற்ற குழந்தைகளுக்காக 1919இல் ஒரு சங்கம் அமைத்தார். அதுதான் பின்னாளில் 'ஈஸ்டர் சீல்ஸ்' என்று ஆனது. ஆலன் ரோட்டரிக்காரர். அவரைப் பார்த்துப் பல ரோட்டரி கிளப்புகள் இந்தக் காரியத்தில் இறங்கின. உடனே சண்டையும் வந்தது. ரோட்டரி ஓர் அமைப்பாகவே இதை எடுத்து நடத்த வேண்டும் என்றது ஒரு கட்சி. உறுப்பினர் ஒவ்வொருவரையும் சேவை மனம் உள்ளவராக ஆக்குவதுதான் ரோட்டரியின் வேலை என்றது இன்னொரு கட்சி.

இதைத் தீர்க்க 1923இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ரோட்டரி வட்டாரத்தில் '23-34' என்று எண் சொன்னாலே தெரியும். அதன் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன்:

கிளப் எடுக்கும் காரியம் ஊருக்கு நிஜமாகவே தேவையானதாக இருக்க வேண்டும். அதில் உறுப்பினர்கள் எல்லோரும் கை கொடுக்க வேண்டும். வேறொரு அமைப்பு அதை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தால் நீ போட்டிக் கடை போடாதே. வருடத்துக்கு ஒரு முக்கியமான காரியம், முடிந்தால் அந்த வருடத்துக்குள்ளேயே முடித்துவிடு. விளம்பரம் வரலாம், தப்பில்லை. ஆனால் விளம்பரத்துக்காகக் காரியத்தைத் தேர்ந்தெடுக்காதே.

மளிகைக் கடை வாசலில் எனக்குப் புரியாதது இங்கே புரிந்தது. அந்த ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சால்வேஷன் ஆர்மிக்கு வருடம் முழுக்கத் தெரியும். அலுவலகம், பதிவேடு, ஆள் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. டிசம்பரில் அவர்களுக்குக் குறைவது மணி அடிக்கும் கை. தன்னார்வலர் கிடைக்காத இடத்தில் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும். ஒரு பல் மருத்துவர் இரண்டு மணி நேரம் சும்மா நின்றால் அந்தக் கூலி மிச்சம். அதுவும் உதவிக்கே போகும். கிளப் கொடுத்தது நேரம். யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை, தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு ரொம்ப நெருக்கமானது. 1979இல் வர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்க்கில் ஒயிட் தம்பதி என்ற சால்வேஷன் ஆர்மி அதிகாரிகள் ஆரம்பித்த 'ஏஞ்சல் ட்ரீ'. ஒரு வணிக வளாகத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்து, தேவதைப் படம் போட்ட அட்டைகளில் பிள்ளைகளின் தேவைகளை எழுதித் தொங்கவிட்டார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் கிளப் உறுப்பினர்கள் ஆளுக்கு ஓர் அட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அட்டையில் முழுப் பெயரோ முகவரியோ கிடையாது. வயது, ஆணா பெண்ணா, பிடித்த பொருள், கூடவே சட்டை அளவு, காலணி அளவு.

சட்டை அளவு! அதைப் பார்த்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது.

இதே மாதிரி 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்று ஒன்று, 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் மரைன் படையின் ரிசர்வ் வீரர்கள் தொடங்கியது. கிளப்புகள் கூட்டம் நடக்கும் இடத்தில் இதற்கு ஒரு பெட்டி வைக்கும். பொம்மை புதிதாக இருக்க வேண்டும், பரிசுத்தாள் சுற்றாமல் தர வேண்டும் என்பது நிபந்தனை. சுற்றாமல் இருந்தால்தான் எந்த வயதுக்கு எது என்று பிரிக்க முடியும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டில் சுற்றி வைப்பது அப்பா அம்மாவாக இருக்கலாம். அப்போது அந்தக் குழந்தைக்கு அது அப்பா வாங்கித் தந்த பொம்மை. வரிசை இல்லை, போட்டோ இல்லை.

பணத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. லயன்ஸ் கிளப்புகளில் இரண்டு கணக்கு வைப்பார்கள். உறுப்பினர் சந்தா போன்றவை நிர்வாகக் கணக்கில் போகும். பொதுமக்களிடம் திரட்டிய பணம் சேவைக் கணக்கில், அது பொதுக் காரியத்துக்கு மட்டும். ஆகவே டிசம்பர் மாதக் குடும்ப விருந்தையும் நன்கொடை வசூலையும் ஒரே மாலையில் வைத்தாலும், விருந்துச் செலவு உறுப்பினர் பையிலிருந்துதான் வர வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு சங்கத்தை ஊர் நம்புமா நம்பாதா என்பது இந்த இரண்டு கணக்கில்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவில்லை. விதி இருந்தாலும் பேனர் கட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு. நவம்பர், டிசம்பரில் உணவு வங்கிகளில் உதவ வரும் கூட்டத்துக்கு வேலை கொடுப்பதே ஒரு வேலை. ஜனவரி, பிப்ரவரியில் அடுக்கி வைக்கவும் ஆள் இருக்காது. குளிர் அப்போதுதான் கடுமை, வீட்டுக்குச் சூடேற்றும் கட்டணமும் அப்போதுதான் எகிறும். பண்டிகை வந்தால் கொடுக்கிறவனுக்கு ஞாபகம் வருகிறது. வாங்குகிறவனுக்கு ஞாபகப்படுத்தப் பண்டிகை தேவையில்லை, இல்லாமை தினமும் இருக்கிறது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதை இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் ஊர் ஆதரவற்றோர் இல்லங்களில் இனிப்புப் பெட்டிகள் குவிவதையும், தை மாசி மாதங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்காததையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு, என்னோடு படித்த ஒருவன் இங்கே ஒரு சேவைச் சங்கத்தில் செயலாளர் ஆனான். தீபாவளிக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை கொடுக்கப் போவதாகச் சொன்னான். "டேய், முதல்ல போய் அளவு கேளு. அப்படியே வேற என்ன வேணும்னும் கேளு" என்றேன். சிரித்தான், ஆனால் போனான். தலைமையாசிரியை அளவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். வேறு என்ன வேண்டும் என்ற கேள்விக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு, பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரண்டு கதவு அடியில் மக்கிப்போயிருக்கிறது, பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று போய் வருகிறார்கள் என்றாராம்.

சட்டைகளை வகுப்பாசிரியர்கள் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கதவுகளும் மாற்றினார்கள். சிகாகோக் கதையை அவனுக்கு நான் அப்புறம்தான் சொன்னேன்.

போட்டோவை மட்டும் விடவில்லை. உறுப்பினர்கள் ஏழு பேரும் புதுக் கதவுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். பிள்ளைகள் யாரும் அதில் இல்லை.