‘பிளாக்’ செய்தால் யார் நிற்பார்கள்?

ஈப்போவாசி ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: இணையக் கடையின் நள்ளிரவுத் தள்ளுபடி, மலிவு விமான டிக்கெட், என்றோ பேரங்காடியில் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு எழுதிப் போட்ட படிவத்தின் புண்ணியத்தில் வரும் காப்புறுதி விளம்பரம், வருமான வரி வாரியத்தின் பெயரைச் சொல்லி ‘உங்களுக்குப் பணம் திரும்ப வருகிறது, இங்கே தட்டுங்கள்’ என்று ஒரு வலை. நடுவில் எங்கோ ஊழியர் சேமநிதி வாரியத்தின் அசல் கடிதம் கிடக்கும். எரிச்சல் தாங்காமல் மூன்று புள்ளியைத் தட்டி ‘பிளாக்’ என்பதை அழுத்துகிறோம். கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு அதே சரக்கு வேறு பெயரில் வந்து நிற்கிறது.

பேராக்கில் பலருக்கு இது வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயரே முகவரி. பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயத்து வீடுகளோடு முகவரியும் போயிற்று. புந்தோங்குக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பிரிந்துபோன குடும்பங்களில், வாடகை வீடு எத்தனை மாறினாலும் மாறாமல் இருப்பது மின்னஞ்சல் முகவரிதான். சேமநிதிக் கணக்கு, வங்கி, பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பம், கல்விக் கடன் எல்லாம் அதனோடு பிணைந்து கிடக்கின்றன. குப்பை பெருகிவிட்டது, புதுசாக ஒன்று திறந்துகொள்ளலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

‘பிளாக்’ அழுத்தும்போது நடப்பது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஜிமெயிலில் அந்த முகவரியிலிருந்து இனி வருபவை ஸ்பேம் பெட்டிக்குப் போகும், அவ்வளவுதான். கடிதம் வந்துகொண்டேதான் இருக்கும். நம் கண்ணில் படாது. அனுப்பியவருக்கு எந்தத் தகவலும் போகாது. அவர் கணக்கில் அது ஒழுங்காகச் சேர்ந்துவிட்ட கடிதம். அதைவிட முக்கியம், நாம் தடுக்கிற அந்த முகவரி அனுப்பியவர் தாமே எழுதிக்கொண்டது. கோளாறின் வேர் இங்கே இருக்கிறது. அதைப் பார்க்க 1982க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை எழுதி வெளியிட்டார். உலகத்தின் மின்னஞ்சல் இன்றும் அதன்மேல்தான் ஓடுகிறது. அப்போது இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் இருந்தவை இருநூற்றுச் சொச்சம் கணினிகள். பல்கலைக்கழகங்கள், ராணுவ ஆய்வுக்கூடங்கள் என்று ஒருவரையொருவர் அறிந்த கூட்டம். அனுப்புகிறவர் சொல்லும் பெயர் மெய்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் நெறிமுறையில் இல்லை. தோட்டத்து ஆபீசுக்கு வந்த கடிதக் கட்டைக் கிராணி பிரித்துக் கொடுத்த கதைதான்: யாருக்கு என்று மட்டும் பார்ப்பார், உறையில் எழுதியிருக்கும் அனுப்புநர் பெயர் நிஜமா என்று அவர் ஏன் கேட்கப்போகிறார்? மின்னஞ்சலில் நிலைமை இன்னும் மோசம். உறையில் ஒரு அனுப்புநர் முகவரி, உள்ளிருக்கும் தாளின் தலைப்பில் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எஸ்எம்டிபியில் கிடையாது. நாம் காண்பது உள்தாளில் இருப்பதை. அதிலும் கைப்பேசியின் சின்னத் திரை, முகவரியை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் காட்டும்.

அழையா விருந்தாளி இந்த நெறிமுறைக்கும் முன்பே வந்துவிட்டார். 1978 மே 3ஆம் தேதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துவெர்க், எங்கள் புதிய இயந்திரத்தைப் பார்க்க வாருங்கள் என்று ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். திட்டு விழுந்தது. ஆனால் நல்ல விற்பனை ஆனது என்று பின்னாளில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். (தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிவா அய்யாதுரை, பதினான்கு வயதில் அமெரிக்காவில் ‘இமெயில்’ என்ற நிரலை எழுதியதும் அதே 1978இல்தான். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தமிழர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மூலம் இது. நிரல் உண்மை, 1982இல் அவர் பெற்ற பதிப்புரிமைப் பதிவும் உண்மை. ஆனால் ரே டாம்லின்சன் 1971இலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மடல் அனுப்பிவிட்டார்.)

வேண்டாத கடிதம் என்பதே கணினியோடு வந்ததல்ல. பத்துப் பிரதி எடுத்து அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சாமி பெயரில் மிரட்டிய சங்கிலிக் கடிதங்களைப் பழைய தலைமுறை மறந்திருக்காது. அதில் ஒரு தடை இருந்தது: பத்துத் தபால்தலைக்குக் காசு வேண்டும். மின்னஞ்சலில் அந்தச் செலவு ஏறத்தாழ இல்லாமல் போனது. எவ்வளவு இல்லாமல் போனது என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2008இல் அளந்தே காட்டினார்கள். வைரஸ் தொற்றி, உரிமையாளருக்கே தெரியாமல் அந்நியர் ஆணைக்கு ஆடும் கணினிகளின் கூட்டத்தைப் பாட்நெட் என்பார்கள். ‘ஸ்டார்ம்’ என்ற பாட்நெட்டுக்குள் இவர்கள் நுழைந்து, அது அனுப்பிய மருந்து விளம்பரங்களில் ஒரு பகுதியைத் தாங்களே அமைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டுக் கணக்கெடுத்தார்கள். 26 நாளில் ஏறத்தாழ 350 மில்லியன் கடிதங்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். அதாவது 12.5 மில்லியன் கடிதத்துக்கு ஒருவர். அப்படியும் தொழில் நடக்கிறது என்றால், கணினியும் மின்சாரமும் அடுத்தவர் வீட்டுடையவை என்பதால்தான்.

இப்படிப்பட்ட ஆளிடம் ‘பிளாக்’ என்ன செய்யும்? கட்டுக்கட்டாகப் புதுப் பெயர்களில் எழுதுகிறவர் அவர். நேற்று நாம் தடுத்த முகவரியை அவர் மறுபடி தொடப் போவதே இல்லை. அதைப் பட்டியலில் சேர்த்தது நம் விரலுக்கு வேலை, வேறு பயனில்லை.

இவர்களைத் தடுக்க வேண்டிய இடம் வேறு. அதே 2008 நவம்பர் 11இல் அதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்ற நிறுவனம், பல பாட்நெட்டுகளை ஆட்டிவைக்கும் கணினிகளுக்கு இடம் கொடுத்துவந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் எழுதிய பிரையன் கிரெப்ஸ் ஆதாரங்களைக் காட்டியதும், மெக்கோலோவுக்கு இணையத் தொடர்பு கொடுத்திருந்த நிறுவனங்கள் அதைத் துண்டித்தன. உலகத்தின் ஸ்பேம் உடனே பாதிக்கும் மேல் சரிந்தது. கோடிக்கணக்கான மக்கள் வருடக்கணக்கில் ‘பிளாக்’ அழுத்திச் சாதிக்காததை ஒரே ஒரு நிறுவனத்தின் இணைப்பைப் பிடுங்கியது சாதித்தது. சில மாதங்களில் வேறு இடம் பிடித்துப் பழையபடி தலைதூக்கினார்கள் என்பது இந்தக் கதையின் பிற்பகுதி.

அனுப்புநர் பெயரைச் சோதிக்கும் வேலையையும் பின்னால் சேர்த்து ஒட்டினார்கள். எஸ்பிஎஃப் என்ற முறையில் ஒவ்வொரு நிறுவனமும், என் பெயரில் கடிதம் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே உரிமை என்று பொதுவில் பட்டியல் போட்டுவைக்கிறது. டிகேஐஎம் முறையில் கடிதத்தின்மேல் கணித முத்திரை விழுகிறது. அதைப் போடும் சாவி நிறுவனத்திடம் ரகசியமாக இருக்கும், சரிபார்க்கும் சாவி எல்லாருக்கும் கிடைக்கும். டிமார்க் என்பது, உள்தாளில் காணும் பெயர் இந்தச் சோதனைகளில் தேறாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று பெயருக்கு உரியவரே விட்டுவைக்கும் கட்டளை. நெடுநாள் இவை விருப்பப்பட்டவர் செய்கிற காரியமாக இருந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு கூகுள் இதைக் கட்டாயமாக்கியது. சந்தாவை ஒரே தட்டில் விலக்கும் வசதியும் விளம்பர மடல்களில் இருக்க வேண்டும். யாஹூவும் கூடவே வந்தது.

இத்தனையும் ஒரு பொய்யைத்தான் தடுக்கும்: அடுத்தவர் பெயரில் எழுதுவதை. வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தனக்கென ஒரு பெயர் பதிந்துகொண்ட மோசடிக்காரர், அந்தப் பெயருக்கு முத்திரையை முறையாகவே போட்டுவிடலாம். அரசாங்கக் கடிதத்தில் ஒரு வசதி உண்டு. ‘டாட் கவ் டாட் எம்ஒய்’ என்று முடியும் பெயர் மலேசிய அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். பெயரைத் தட்டி முழு முகவரியைப் பாருங்கள்; அந்த எழுத்துகள் கடைசியில் இருக்க வேண்டும், நடுவில் இருந்தால் கணக்கில் சேராது.

ஆகவே கடைக்காரருக்கு ஒரு வழி, கள்ளருக்கு வேறு வழி. தெரிந்த கடையின் விளம்பரம் என்றால் ‘பிளாக்’ வேண்டாம். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் வரும் சந்தா விலக்கலைத் தட்டுங்கள். கடையைப் பிளாக் செய்துவிட்டால், பிறகு அதே முகவரியிலிருந்து வரும் ரசீதும் சேர்ந்து மறையும். முன்பின் தெரியாத கடிதத்தின் அடியில் இருக்கும் விலக்கல் இணைப்பை மட்டும் தொடவே கூடாது. இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகும். அதற்கு ‘ஸ்பேம் என்று புகார்’ என்பதுதான் சரி. நம் ஒருவர் புகார் சிறியது. பலர் புகார் சேரும்போது அனுப்பிய கணினியின் நற்பெயர் கெட்டு எல்லாருடைய வாசலிலும் அடைபடும்.

அப்படியானால் ‘பிளாக்’ எதற்கு? ஒரே முகவரியை விடாமல் பயன்படுத்தும் தொல்லைக்கு. விலக்கச் சொல்லியும் விடாத விற்பனையாளர், பழைய பகையை இழுக்கும் சொந்தக்காரர். நம்மவர்களுக்கு இன்னொரு வகையும் உண்டு: பெயர்க் குழப்பம். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். ஒரே சுப்பிரமணியம், பிறப்புப் பதிவில் எழுதியவர் கைக்கு வந்தபடி மலாய், ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாலு விதமாக இருப்பார். அதில் ஓரெழுத்தைத் தவறவிட்டு யாரோ ஒருவர் கொடுத்த முகவரியில் அவருடைய தொலைபேசிக் கட்டணமும் உடற்பயிற்சிக் கூடச் சந்தாவும் நம் பெட்டிக்கு மாதாமாதம் வந்து சேரும். முகவரிக்கு நடுவே புள்ளி வைப்பதும் வைக்காததும் ஜிமெயிலுக்கு ஒன்றே என்பதால் புள்ளியை நம்பியும் தப்ப முடியாது. அனுப்புகிற நிறுவனம் நேர்மையானது, ஆள்தான் மாறிவிட்டார். எழுதிச் சொல்லியும் திருத்தாவிட்டால், இங்கே ‘பிளாக்’ கச்சிதம்.

மற்றதை மின்னஞ்சல் சேவையின் ஸ்பேம் வடிகட்டி பார்த்துக்கொள்கிறது. 2002இல் நிரலாளர் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரை பரப்பிய முறை எளியது: ஸ்பேமில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, நல்ல கடிதத்தில் எத்தனை முறை என்று எண்ணி, புதுக் கடிதம் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவது. கணக்கு, 1763இல் அச்சான தாமஸ் பேயஸின் தேற்றம். இங்கே தமிழுக்கு ஒரு சங்கடம். பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக என்று வேற்றுமை ஏற ஏற, சொல்லை இடைவெளி பார்த்து வெட்டும் நிரலுக்கு ஒவ்வொன்றும் புதுச்சொல். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் ஒரே வரியில் கலக்கிற நம் எழுத்து அதற்கு இன்னும் தலைவலி. இப்போதைய வடிகட்டிகள் இதைத் தாண்டிவிட்டன. 2023இல் கூகுள் அறிவித்த ரெட்வெக் முறை சொற்பட்டியலையே நம்புவதில்லை; எழுத்து மட்டத்தில் வேலை செய்வதால் எந்த மொழிக்கும் பொருந்தும், எழுத்தை மாற்றிப் போடும் தந்திரங்களுக்கும் எளிதில் ஏமாறாது.

சட்டமும் இருக்கிறது. 2013 நவம்பர் 15இல் அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, என் விவரத்தை வைத்து விளம்பரம் செய்யாதே என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆணையர் உத்தரவிட்டும் கேளாதவருக்கு 200,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கோரப்படாத வணிகச் செய்திகளைத் தடை செய்ய, தொடர்பு, பல்லூடகச் சட்டத்துக்கான திருத்தத்தை 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் 2017இல் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது வெளிவந்த நாடு இது; வெளியே போன பட்டியலைச் சட்டம் திரும்பக் கொண்டுவராது. 2023 மே முதல் இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கச் சொல்லித் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட முடிந்ததற்குக் காரணம், அங்கே கதவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மின்னஞ்சலுக்கு எந்த நாட்டுக் கணினியும் கதவுதான்.

வடிகட்டிக்குள் ஒரு சமரசம் ஒளிந்திருக்கிறது. பிடியை இறுக்கினால் நல்ல கடிதமும் மாட்டும். தளர்த்தினால் குப்பை நுழையும். பழைய தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலுக்கு ஏற்பாட்டாளர் இலவசக் கணக்கு ஒன்றிலிருந்து இருநூறு பேருக்கு ஒரே மூச்சில் அழைப்பு அனுப்புகிறார், கூடவே நன்கொடைக்கு வங்கிக் கணக்கு எண். வடிகட்டியின் கண்ணுக்கு இது அச்சு அசல் ஸ்பேம். பெறுகிறவர் அதை ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்து ‘ஸ்பேம் அல்ல’ என்று தட்டி, அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் அடுத்த கடிதம் பெரும்பாலும் நேரே வரும். ஜிமெயில் ஸ்பேமை 30 நாள்தான் வைத்திருக்கும். அதற்குள் எட்டிப் பார்க்காதவர், எப்போது கூடுகிறார்கள் என்று ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.